ஆசிரியரின் சொந்த நம்பிக்கை வேலையைப் பாதிக்குமா? கேள்வி பதில்

கேள்வி: அரசுப் பள்ளியில் சேரும் முன் ஒரு கட்சியின் மாணவர் அமைப்பில் இருந்தேன். அதைச் சொல்லி வேலையைப் பறிக்க முடியுமா சார்?

பதில்: அது மட்டுமே காரணமென்றால் முடியாது. மத்தியப் பிரதேசத்தில் 1971-ல் அரசு எடுத்துக்கொண்ட ஒரு நகராட்சிப் பள்ளியின் ஆசிரியரை, ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்க நடவடிக்கைகளில் ஈடுபட்டவர் என்ற போலீஸ் அறிக்கையை வைத்து 1974-ல் நீக்கினார்கள். செல்லாது என்று 1983-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சின்னப்ப ரெட்டி. ஆனால் சரிபார்ப்புப் படிவத்தில் கேட்டிருந்த கிரிமினல் வழக்கை மறைத்திருந்தால், மறைத்ததற்காகவே வேலை போகலாம். பணியில் இருக்கும்போது கட்சி உறுப்பினராக இருக்க அரசு ஊழியர் நடத்தை விதிகளில் இடமில்லை.

கேள்வி: உதவிபெறும் சிறுபான்மைப் பள்ளியில் வேலை. நான் வேறு மதம். காலை ஜெபத்தில் கைகூப்பியே ஆகணுமா?

பதில்: வேண்டாம். கைகூப்பாத நாசிக் ஆசிரியர் ஒருவரின் வழக்கில், கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2013-ல் மும்பை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காகக் காலைக் கூட்டத்துக்கே வராமல் இருந்துவிடாதீர்கள். பணி மறுப்பு என்று மெமோ வரும். ‘பிள்ளைகளை மேற்பார்வையிடத் தயார், வழிபாட்டிலிருந்து மட்டும் விலக்கு வேண்டும்’ என்று எழுத்தில் கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்கி வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் அரசுப் பள்ளி ஆசிரியர் வகுப்பில் சாதிப் பெருமை பேசுகிறார். ‘சாதி வெறியர், நீக்குங்கள்’ என்று பெற்றோர் சேர்ந்து மனு கொடுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

பதில்: கோளாறு மனுவிலேயே இருக்கிறது. ‘வெறியர்’ என்பது உங்கள் அபிப்பிராயம். அதை எப்படி விசாரிப்பது? எந்தத் தேதி, எத்தனையாவது பீரியட், எந்தப் பிள்ளையிடம் என்ன சொன்னார், யார் யார் கேட்டார்கள் என்று எழுதுங்கள். சொன்ன சொல்லை மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும். தனியாக உட்காரவைத்தது, கழிவறை கழுவச் சொன்னது போன்றவை இருந்தால் அவற்றை முதலில் வையுங்கள். தலைமையாசிரியருக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் தனித்தனி மனு. 6 முதல் 14 வயதுப் பிள்ளையென்றால் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 17 மனத் துன்புறுத்தலைத் தடுக்கிறது. பட்டியல் சாதிப் பிள்ளையை இழிவுபடுத்தியிருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி போலீஸிலும் புகார் தரலாம்.

பணிநீக்கம் வரை போக வேண்டுமென்றால் தமிழ்நாடு அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(பி)-யின்படி நடவடிக்கை வேண்டும். 17(ஏ)-யில் கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனைகளோடு சரி. 17(பி)-யில் படிகள் இவை: குற்றக் குறிப்பாணை, ஆசிரியரின் விளக்கம், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய அவருக்கு வாய்ப்பு, விசாரணை அறிக்கையின் நகல், அதன்மேல் மறுபடி விளக்கம். அவசரப்பட்டு இதில் ஒன்றைத் தாண்டினாலும் உயர் நீதிமன்றத்தில் உத்தரவு நிற்காமல் போகலாம். கோஷம் போட்டு அதிகாரியை அவசரப்படுத்தினால் லாபம் அந்த ஆசிரியருக்குத்தான்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் போடுவது என் சொந்த விஷயம்தானே?

பதில்: இல்லை. அரசின் கொள்கையை விமர்சித்தால் நடத்தை விதி பாயும். மத, சாதிப் பகையைத் தூண்டினால் குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-வது பிரிவு பாயும். ஃபார்வர்டு செய்தேன் என்பது சமாதானம் ஆகாது.

கேள்வி: அப்படியானால் வேலைக்கு எடுக்கும்போதே மனதைச் சோதித்துவிட்டால் என்ன?

பதில்: பள்ளி மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லத் தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவும் 2024 அறிக்கையில், ஆசிரியர் தேர்வின்போது சமூக நீதி பற்றிய பார்வையை அறிய வேண்டும் என்றது. நோக்கம் சரி. ஆனால் ‘சாதி பார்ப்பீர்களா?’ என்று தேர்வில் கேட்டால் எந்தச் சாதி வெறியரும் ‘இல்லை’ என்றுதான் டிக் அடிப்பார். கேட்டே ஆக வேண்டுமென்றால் சூழலைக் கொடுத்துக் கேளுங்கள்: ‘சத்துணவு வரிசையில் ஒரு பிள்ளையை மற்றவர்கள் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் நீங்கள் செய்வது என்ன?’