போன மாசம் பத்திரப்பதிவு ஏறிடுச்சாமே, இப்பவே வாங்கிடணுமா?

இந்த வாரம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தை சுத்தித்தான் இருந்துச்சு. மாசா மாசம் பேப்பர்லயும் யூடியூப்லயும் பத்திரப்பதிவு ஏறிடுச்சு, வீடு விற்பனை எறங்கிடுச்சுன்னு வருதே, அதை வச்சு வாங்குறதா வேண்டாமான்னு முடிவு பண்ணலாமான்னு. நாலு கேள்வி எடுத்திருக்கேன். முதல் பதில் நீளமா போயிடுச்சு, ஆனா மத்த மூணுக்கும் அதுதான் அடிப்படை, அதனால தாண்டிப் போகாதீங்க.

கேள்வி: அண்ணா, மேடவாக்கம் பக்கம் கட்டிட்டு இருக்கிற அப்பார்ட்மெண்ட்ல 68 லட்சத்துக்கு டபுள் பெட்ரூம் பாத்திருக்கோம். பில்டரோட சேல்ஸ் ஆள் வாட்ஸாப்ல ஒரு நியூஸ் கட்டிங் அனுப்பி, போன மாசம் பதிவுத்துறை வருமானம் எகிறிடுச்சு, அடுத்த மாசம் சதுர அடிக்கு 300 ரூபா ஏத்துறாங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள புக் பண்ணிடுங்கன்னு தினமும் போன் பண்றார். வீட்டுக்காரர் பண்ணிடலாம்ங்கிறார், எனக்கு மனசு வரல. என்ன பண்றது?

பதில்: மனசு வரலன்னா நில்லுங்கம்மா. அந்த கட்டிங்ல இருக்கிற நம்பர் பொய்யா இருக்காது, ஆனா அது சொல்ற விஷயம் வேற, அவர் உங்ககிட்ட சொல்ற விஷயம் வேற.

பதிவுத்துறை வருமானம்னா முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்த தொகை. அது ஏறுறதுக்கு வீடு அதிகமா வித்திருக்கணும்னு அவசியமே இல்ல. கைடுலைன் வேல்யூவை, அதாவது வரி போட அரசாங்கம் வச்சிருக்கிற குறைந்தபட்ச மதிப்பை ஏத்தினா அதே எண்ணிக்கை பத்திரத்துக்கே அதிக பணம் வரும். நம்ம தமிழ்நாட்டுல 2017 ஜூன்ல கைடுலைனை 33 சதவீதம் குறைச்சாங்க, 2023 ஏப்ரல்ல பழைய அளவுக்கே திருப்பினாங்க, 2024 ஜூலையில மறுபடி மாத்தினாங்க. இப்படி மாறின மாசத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்கிற ரூபா கணக்கை பக்கத்துல வச்சு மார்க்கெட் சூடாயிடுச்சுன்னு சொன்னா அது கணக்கே கிடையாது.

சரி, ரூபாயை விட்டுட்டு எத்தனை பத்திரம்னு பாக்கலாம்னா அதுலயும் சிக்கல். சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவாகுற எல்லாமே கிரையம், அதாவது விற்பனைப் பத்திரம் இல்ல. அப்பா பையனுக்கு எழுதிக் குடுக்கிற செட்டில்மெண்ட், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், பவர், பேங்குக்கு அடமானம், கடன் கட்டி முடிச்ச ரசீது எல்லாம் அதுக்குள்ள இருக்கு. லோன் போட்டு ஒருத்தர் ஒரே ஒரு வீடு வாங்கினாலே கிரையம் ஒண்ணு, பேங்க் பத்திரம் ஒண்ணுன்னு ரெண்டு நம்பர் விழும். அதுவும் இல்லாம 2023 டிசம்பருக்கு முன்னாடி புது அப்பார்ட்மெண்ட்னா நிலத்துல நம்ம பங்குக்கு தனி பத்திரம், கட்டுமான ஒப்பந்தம் தனின்னு பதிவு பண்ணுவாங்க, அப்புறம்தான் ரெண்டையும் சேத்து ஒரே மதிப்புல ஒரே கிரையமா பண்ற முறை வந்துச்சு. அப்போ அந்த தேதிக்கு முன்னாடி இருந்த எண்ணிக்கையையும் பின்னாடி இருக்கிறதையும் எப்படி ஒப்பிடுவீங்க?

அப்புறம் நாள் நட்சத்திரம். நல்ல முகூர்த்தம் வந்தா ஒரு ஆபீசுக்கு வழக்கமா குடுக்கிற 100 டோக்கனை 150 ஆக்குவாங்க, ரெண்டு சார்பதிவாளர் இருக்கிற இடத்துல 200ஐ 300 ஆக்குவாங்க. 2025 ஏப்ரல் 30 அட்சய திருதியை அன்னிக்கு ஒரே நாள்ல 270 கோடிக்கு மேல வருமானம் வந்துச்சு. அன்னிக்கு பதிவு பண்ணவங்க அன்னிக்கா வீடு பாத்து முடிவு பண்ணாங்க? மூணு மாசம் முன்னாடியே அட்வான்ஸ் குடுத்துட்டு நாளுக்காக காத்திருந்தவங்க. அதனால பதிவு நம்பர் எப்பவுமே பழைய முடிவோட நிழல், இந்த மாச மார்க்கெட் அதுல தெரியாது.

இதுக்கு எனக்குத் தெரிஞ்ச பெரிய உதாரணம் மும்பை. கொரோனா வருஷம் 2020 செப்டம்பர்ல மகாராஷ்டிரா அரசு முத்திரைத்தீர்வையை 5 சதவீதத்துல இருந்து 2 சதவீதமா குறைச்சு, டிசம்பர் வரைக்கும்தான்னு சொன்னாங்க. செப்டம்பர்ல 5,600 சொச்சம் இருந்த மும்பை பதிவு டிசம்பர்ல 19,000ஐ தாண்டிடுச்சு. திடீர்னு மூணு மடங்கு ஜனம் வந்துடல, அடுத்த ஆறு மாசத்துல வாங்க வேண்டியவங்களும் சேந்து அந்த மாசத்துக்குள்ள ஓடி வந்தாங்க, அவ்வளவுதான். அந்த நம்பரைப் பாத்து ஜனவரியில பதறிப் போய் வாங்கினவங்களுக்கு, 2 சதவீதமா இருந்த தீர்வையும் 3 ஆயிடுச்சு.

இப்போ உங்க விஷயம். ஊர் நிலவரத்தை விட்டுட்டு அந்த ஒரு பிளாக்கோட நிலவரத்தைப் பாருங்க. தமிழ்நாடு ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தோட சைட்ல அந்த புராஜெக்ட் நம்பரைப் போட்டுத் தேடுங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா எத்தனை வீடு புக் ஆச்சு, வேலை எவ்வளவு முடிஞ்சுதுன்னு பில்டர் அப்டேட் பண்ணணும்னு சட்டத்துலயே இருக்கு. மொத்தம் 80 வீட்டுல ஒரு வருஷமா 30தான் போயிருக்குன்னு தெரிஞ்சா 300 ரூபா ஏத்துறதைப் பத்தி பேச வேண்டியவர் அவர் இல்ல, 300 ரூபா குறைக்கச் சொல்லி நீங்கதான் பேசணும்.

அடுத்தது பக்கத்துல முடிஞ்சு குடிவந்த பிளாக்கோட சர்வே நம்பருக்கு பதிவுத்துறை சைட்லயே வில்லங்கம், அதாவது அந்த சொத்து மேல பதிவான பத்திரங்களோட பட்டியல் போட்டுப் பாருங்க, பாக்குறதுக்கு காசு கிடையாது. ஒவ்வொரு கிரையத்துக்கும் கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்புன்னு ரெண்டு நம்பர் இருக்கும். நான் மேல சொன்ன 2023 டிசம்பர் மாத்தத்துக்கு அப்புறம் நடந்த கிரையத்தை மட்டும் எடுத்துக்கோங்க, அதுக்கு முன்னாடி உள்ளதுல நிலத்துப் பங்கு தொகை மட்டும்தான் தெரியும். ரொக்கமா கை மாறினது எழுத்துல வராதுங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. இருந்தாலும் பத்து கிரையம் பாத்தீங்கன்னா அந்தத் தெருவோட உண்மையான போக்கு பிடிபட்டுடும்.

68 லட்சத்தோட நிக்காதுங்கிறதையும் இப்பவே பேசிடுறேன். பில்டர் முதல் விற்பனையா விக்கிற அப்பார்ட்மெண்ட் வீடு 50 லட்சத்துக்கு மேல 3 கோடி வரைக்கும்னா முத்திரைத்தீர்வை 5, பதிவு 2, மொத்தம் 7 சதவீதம், அதாவது 4 லட்சத்து 76 ஆயிரம். கட்டிட்டு இருக்கிற வீடுங்கிறதால ஜிஎஸ்டி 5 சதவீதம், 3 லட்சத்து 40 ஆயிரம். பேங்க் 80 சதவீதம் வரைக்கும்தான் குடுக்கும், இந்த செலவெல்லாம் அதுல சேராது. கூட்டிப் பாத்தா கையில 21 லட்சத்து 76 ஆயிரம் வேணும், இன்டீரியர், பார்க்கிங் எல்லாம் தனி. 50 லட்சம் தொட்டதால 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது விக்கிறவரோட வரியை முன்கூட்டியே பிடிச்சு வருமானவரிக்கு நீங்கதான் கட்டணும், ஆனா அது பில்டருக்குக் குடுக்கிற பணத்துல இருந்தே கழிக்கிறது, கூடுதல் செலவு இல்ல.

கடைசியா ஒண்ணு. விற்பனை ஒப்பந்தம் பதிவு பண்ணாம விலையில 10 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாதுன்னு ரெரா சட்டத்துல தெளிவா இருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள 20 சதவீதம் போடுங்கன்னு கேட்டா முதல்ல ஒப்பந்தத்தைப் பதியச் சொல்லுங்க. அவர் அதுக்கு என்ன பதில் சொல்றார்ங்கிறதுலயே உங்க வீட்டுக்காரருக்கும் புரிஞ்சுடும்.

கேள்வி: ஆடியில யாரும் வாங்க மாட்டாங்க, அப்போ விலை இறங்கும், அதனால ஆடி வரைக்கும் பொறுன்னு மாமா சொல்றார். எனக்கு திருச்சியில ஒரு பழைய தனி வீடு பிடிச்சிருக்கு. காத்திருக்கலாமா சார்?

பதில்: தம்பி, ஆடியில பதிவு குறையுறது நிஜம்தான். மார்கழியிலயும் குறையும், தை பொறந்ததும் ஏறும், ஆவணியில மறுபடி ஏறும். அதனாலதான் ஆகஸ்ட்டை ஜூலையோட வச்சுப் பாத்து சரிஞ்சுடுச்சு ஏறிடுச்சுன்னு எழுதுறதை நான் படிக்கிறதே இல்ல. போன வருஷம் அதே மாசத்தோட வச்சுப் பாத்தாத்தான் ஏதாவது அர்த்தம், அதையும் மூணு மாசம் சேத்துப் பாத்தா இன்னும் நல்லது.

ஆனா பதிவு குறைஞ்சா விலையும் குறையும்னு கிடையாது. பில்டருங்க ஆடி ஆஃபர்னு ஏதாவது குடுப்பாங்க. பழைய வீட்டுக்காரர் ஆடிக்காக ஏன் குறைக்கணும்? ஒரு மாசம் பொறுத்து ஆவணியில விப்பார். அவருக்கு அவசரம் இருந்தா, பொண்ணு கல்யாணம், வெளிநாடு போறது, பேங்க் நெருக்கடின்னு ஏதாவது இருந்தா எந்த மாசத்துலயும் இறங்கி வருவார். அதை விசாரிங்க.

ஆடியால உங்களுக்கு நிஜமா ஒரு லாபம் இருக்கு, நேரம். போட்டிக்கு ஆள் இல்லாத அந்த ஒரு மாசத்துல மூலப்பத்திரத்தை வாங்கி வக்கீல்கிட்ட காட்டுங்க, 1975ல இருந்து வில்லங்கம் ஆன்லைன்லயே கிடைக்குது, பட்டா யார் பேர்ல இருக்கு, வாரிசு எல்லாரும் கையெழுத்துப் போடுறாங்களான்னு பாருங்க. பழைய வீட்டுல விலையை விட இங்கதான் அடி விழும். மறுவிற்பனைங்கிறதால உங்களுக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவு 2, மொத்தம் 9 சதவீதம்னு கணக்கு வச்சுக்கோங்க.

கேள்வி: ரிட்டயர் ஆகி 45 லட்சம் கையில இருக்கு. கமர்ஷியல் மார்க்கெட் சென்னையில சாதனை அளவுன்னு செய்தி படிச்சேன். போரூர் பக்கம் ஒரு காம்ப்ளெக்ஸ்ல ரெண்டாவது மாடியில 300 சதுர அடி கடை, மாசம் 30,000 வாடகை மூணு வருஷத்துக்கு கேரண்டின்னு சொல்றாங்க. வீட்டு வாடகையை விட நல்லாத்தானே இருக்கு?

பதில்: ஐயா, இதுல எனக்கு சொந்த அனுபவம் இருக்கு, அதனால கொஞ்சம் அழுத்தமாவே சொல்றேன். எங்க சித்தப்பா இதே மாதிரி கேரண்டி வாடகைக்கு ஒரு கடை வாங்கினார், பேரு வேண்டாம். பதினாலு மாசம் பணம் ஒழுங்கா வந்துச்சு, அப்புறம் நின்னுடுச்சு. கேட்டா வாடகை கேரண்டி குடுத்த கம்பெனி வேற, நாங்க வேறன்னு கட்டினவங்க சொல்லிட்டாங்க. கடை இன்னிக்கும் பூட்டித்தான் கிடக்கு, மெயின்டனன்ஸும் சொத்து வரியும் மட்டும் அவர் கட்டிட்டு இருக்கார். 72 வயசுல அவர் அந்த படிக்கட்டுல ஏறி இறங்குறதைப் பாத்தவன் நான்.

நீங்க படிச்ச சாதனை செய்தியில ஒரு விஷயம் கவனிச்சீங்களா, லட்சம் சதுர அடி, கோடி சதுர அடின்னு இருந்திருக்கும். அது பெரும்பாலும் ஐடி கம்பெனிங்க ஓஎம்ஆர்லயும் பெருங்குடியிலயும் மவுண்ட் பூந்தமல்லி ரோட்டுலயும் வாடகைக்கு எடுக்கிற ஆபீஸ் கணக்கு. விற்பனையே கிடையாது, லீஸ். ஒரு அமெரிக்க கம்பெனி அஞ்சு மாடி எடுத்துச்சுன்னா அந்தக் காலாண்டு உச்சத்துக்குப் போகும், எடுக்கலன்னா இறங்கும். அதுக்கும் ரெண்டாவது மாடியில இருக்கிற 300 சதுர அடி கடைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

வீட்டுல வாடகை வருஷத்துக்கு விலையில 2, 3 சதவீதம்தான் தேறும், கமர்ஷியல்ல 6ல இருந்து 8 வரைக்கும் கிடைக்கும், அது உண்மைதான். 45 லட்சத்துக்கு மாசம் 30,000ன்னா உங்க கணக்கு 8 சதவீதம். ஆனா அந்த அதிகப்படி எதுக்குன்னா காலியா கிடக்கிற மாசங்களுக்காக. வீடு காலியானா ஒரு மாசத்துல ஆள் வந்துடும், கடை காலியானா ஒரு வருஷம் கூட ஆகலாம். இன்னும் கட்டி முடிக்காத காம்ப்ளெக்ஸ்னா ஜிஎஸ்டி பெரும்பாலும் 12 சதவீதம் வரும், அதுக்கு மேல பத்திரச் செலவு 9 சதவீதம். 45 லட்சத்துக்கு கடை வாங்கினா 54 லட்சம் தாண்டிடும், உங்ககிட்ட அந்த 9 லட்சம் இல்லையே.

மூணு வருஷ கேரண்டி வாடகை மொத்தம் 10 லட்சத்து 80 ஆயிரம். அதை விலையிலயே ஏத்தி வச்சு நம்ம பணத்தையே மாசா மாசம் நமக்குத் திருப்பித் தர்றாங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? அதே ரோட்டுல கேரண்டி இல்லாத கடை சதுர அடி என்ன விலைன்னு கேளுங்க. அப்புறம் ஒரு வேலை நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பழைய காம்ப்ளெக்ஸ் ரெண்டு மூணுல மாடி ஏறிப் பாருங்க, எத்தனை ஷட்டர் திறந்திருக்குன்னு எண்ணுங்க. என் கருத்தைக் கேட்டீங்கன்னா, ரிட்டயர்மெண்ட் பணம் மொத்தத்தையும் ஒரே ஷட்டருக்குள்ள வைக்காதீங்க ஐயா.

கேள்வி: எங்க தெருவுல கைடுலைன் வேல்யூ ஏத்திட்டாங்க. அப்போ எங்க மனையோட மதிப்பும் ஏறிடுச்சுன்னு எடுத்துக்கலாமா? என் தங்கை பேர்ல 9 லட்சத்துக்கு இன்னொரு சின்ன மனை வாங்கவும் யோசிக்கிறோம். மதுரை.

பதில்: எடுத்துக்க முடியாதுக்கா. கைடுலைன்ங்கிறது அரசாங்கம் வரி போட வச்சிருக்கிற குறைந்தபட்ச கணக்கு. வாங்க வர்றவர் அதை விட கம்மியா கேட்டாலும் பத்திரச் செலவு கைடுலைனுக்குத்தான் கட்டணும். அதனால சில தெருவுல கைடுலைன் ஏறினதும் விக்கிறது இன்னும் கஷ்டமாத்தான் ஆகுது.

தங்கச்சி பேர்ல வாங்குறது நல்ல யோசனை. 2025 ஏப்ரல் 1ல இருந்து பெண்கள் பேர்ல 10 லட்சம் வரைக்கும் உள்ள சொத்து பதிவு பண்ணினா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் சலுகை இருக்கு, 9 லட்சத்துக்கு 9,000 ரூபா மிச்சம். அந்த 10 லட்சத்தைப் பாக்கும்போது கைடுலைன் மதிப்பையும் பாத்துக்கோங்க. மனை அங்கீகாரம் இல்லாத லேஅவுட்டா இருந்தா, 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி உள்ளதா, அங்கீகாரம் இல்லாததை முறைப்படுத்திக் குடுக்கிற வரன்முறை ஆர்டர் இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா 9,000 மிச்சம் பண்ணப் போய் 9 லட்சம் மாட்டிக்கும், அட்வான்ஸே குடுக்காதீங்க.