கூரை வெட்டிய மோரிஸ் மைனர்: கதவு இடித்தால்

ஆயர் ஈத்தாம் நண்பரே, உங்கள் பழைய மோரிஸ் மைனர் காரின் கூரையை வெட்டிய பிறகு கதவின் பின்மேல் மூலை கதவுத் தூணில் இடிக்கிறது என்கிறீர்கள். கீலைத் தொடாதீர்கள், கோளாறு அங்கே இல்லை. மைனருக்குத் தனிச் சேசி (அடிச்சட்டம்) கிடையாது; பாரத்தில் ஒரு பங்கைக் கூரைதான் தாங்கியது. இப்போது நடுப்பகுதி தொய்ந்து, கதவின் முன், பின் தூண்கள் மேலே நெருங்கிவிட்டன.

சில்லின் (கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி) நடுவில் கட்டை வைத்து, கதவு இடைவெளி மேலும் கீழும் ஒன்றாகும்வரை ஜாக்கியால் மெல்ல உயர்த்துங்கள். அந்த நிலையிலேயே இரு தூண்களுக்கும் குறுக்கே 25 மி.மீ. சதுரக் குழாயைத் தற்காலிகமாக வெல்ட் செய்யுங்கள் (வெட்டும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை). அடுத்து சில்லுக்கு உட்புறம் 2 மி.மீ. தகடு, டேஷ்போர்டின் இரு முனையிலும் கதவின் பின்தூணிலும் முக்கோணத் தகடு. இந்தத் தகடுகளை வைக்கும் முன் சில்லைத் திறந்து துருவை வெட்டி எடுங்கள். அரித்த இரும்பில் வெல்ட் நிற்காது.

ஜே.பி.ஜே. (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி வாங்காமல் சாலையில் இறக்காதீர்கள்.