பியர் வாங்கக் கப்பல் ஏறலாமா?

போன இதழில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் கிராஃப்ட் பியர், அதாவது சிறிய இடங்களில் கொஞ்சமாகக் காய்ச்சும் பியர், எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார். இங்கே தேடி அலையாதீர்கள், அது காய்ச்சும் ஊருக்குப் போகிறபோது குடித்துவிட்டு வாருங்கள் என்று ஒரே வரியில் பதில் எழுதி முடித்துவிட்டேன். அந்த ஒரு வரி பலரைப் பயணம் கிளப்பிவிட்டது போலிருக்கிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பியர்தான். பல்லி விழுந்த பலன் கேட்டவரும், மாமரத்தில் பூ கொட்டுகிறது என்று எழுதியவரும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

நாங்கள் மூன்று நண்பர்கள். காங்கேசன்துறையில் கப்பல் ஏறி நாகப்பட்டினம் போய், பக்கத்தில் இருக்கும் காரைக்காலில் கிராஃப்ட் பியர் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு அடுத்த கப்பலிலேயே திரும்புவதாகக் கணக்குப் போட்டிருக்கிறோம். காரைக்காலில் மலிவு என்கிறார்கள். சரிவருமா?
– கொக்குவில் வாசகர்

மலிவு என்பது உண்மை. காரைக்காலைச் சுற்றித் தமிழ்நாடு இருந்தாலும் காரைக்கால் தமிழ்நாடு இல்லை. 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர், இன்றைக்குப் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு துண்டு. வரி வேறு, மதுச் சட்டம் வேறு. தமிழ்நாட்டில் 21 வயது ஆக வேண்டும், அங்கே 18 போதும். நாகூரைத் தாண்டி வாஞ்சூருக்குள் நுழைந்ததும் மதுக்கடைகள் கண்ணில் படுவது அதனால்தான்.

ஆனால் நீங்கள் திரும்பிக் கப்பல் ஏறப்போவது காரைக்காலில் இல்லையே, நாகப்பட்டினத்தில். இடையில் இருப்பது வெறும் இருபது கிலோமீற்றர்தான், ஆனால் அதில் தமிழ்நாட்டு எல்லை ஒன்று இருக்கிறது, புதுச்சேரி மதுவை அனுமதி இல்லாமல் அதைத் தாண்டிக் கொண்டுவருவது குற்றம், சோதனைச்சாவடி போட்டுப் பிடிக்கிறார்கள், 'நாங்கள் இலங்கைக்குத்தான் கொண்டுபோகிறோம் சேர்' என்ற கதை அங்கே எடுபடாது. பெட்டியோடு வண்டியும் போய்விடும். உங்கள் மூன்று பேரின் ஆசைக்கு ஒரு ஆட்டோக்காரர் ஏன் பொலிஸ் நிலையத்தில் உட்கார வேண்டும்?

அப்படியே யாரும் மறிக்கவில்லை என்று வையுங்கள். வாஞ்சூர்க் கடையில் அடுக்கியிருப்பது பெரும்பாலும் பெரிய கொம்பனிகளின் லாகர், எங்கும் கிடைக்கும் சாதாரண பியர். நீங்கள் தேடுவது வேண்டுமென்றால் புதுச்சேரி நகரம் வரை போக வேண்டும், நாகப்பட்டினத்தில் இருந்து சுமார் 130 கிலோமீற்றர். காரைக்காலுக்குள் நுழைந்து, தரங்கம்பாடியில் மறுபடி தமிழ்நாடு, பிறகு சிதம்பரம், கடலூர் என்று போய்த் திரும்பவும் புதுச்சேரி. அங்கே கட்டமரான் என்று, நம்முடைய கட்டுமரத்தை வெள்ளைக்காரன் வாயில் போட்டு மென்று திருப்பித் தந்த பெயரில், தாங்களே காய்ச்சி ஊற்றும் இடம் ஒன்று இருக்கிறது. போங்கள், குடியுங்கள். போத்தலில் அடைத்து ஊருக்குக் கொண்டுவரும் யோசனையை மட்டும் விடுங்கள். அப்படிப்பட்ட இடங்களில் பியரைத் தாங்கியில் இருந்து நேரே கிளாசுக்கு இறக்குகிறார்கள். சூடாக்கிக் கிருமி கொன்று அடைத்த சரக்கு இல்லை அது, வெயிலில் நாலு மணி நேரம் காரிலும் இன்னொரு நாலு மணி நேரம் கப்பலிலும் குலுங்கி வந்தால் உங்கள் வீட்டு மேசையில் ஏறுவது வேறு ஏதோ ஒன்றாக இருக்கும்.

கப்பலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 ஒக்டோபரில் ஆரவாரமாகத் தொடங்கி, சில நாளிலேயே மாரியைக் காரணம் சொல்லி நிறுத்தி, மறுபடி 2024 ஓகஸ்டில் வேறு கப்பலோடு ஓடத் தொடங்கிய சேவை இது. எல்லா நாளும் ஓடாது, மாரிக் கடல் பொங்கினால் நின்றுவிடும். போன கிழமை திரும்பியிருக்க வேண்டியவன் நாகப்பட்டினம் லொட்ஜில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அலுவலகத்தில் என்ன சொல்வான்? விசா முதலில் எடுங்கள், யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருப்பதால் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. காந்தி பிறந்த ஒக்டோபர் 2ஆம் திகதி மாதிரி நாட்களில் இந்தியாவில் மதுக்கடை பூட்டு, அதையும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் கப்பலை விட்டுவிடுங்கள். பலாலியில் விமானம் ஏறிச் சென்னையில் இறங்கினால் அங்கிருந்து பெங்களூருக்குப் பகல் ரயிலில் ஐந்து மணித்தியாலம். அந்த ஊரில் உணவகத்துக்குள்ளேயே காய்ச்சும் இடங்கள் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கின்றன. இந்திராநகரில் இருக்கும் டாய்ட் 2010இல் இருந்தே நடக்கிறது. மூன்று பேரும் இரண்டு பின்னேரம் அங்கே உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு வாருங்கள்.

கிராஃப்ட் என்று சொல்லி மூன்று மடங்கு காசு வாங்குகிறார்களே, நம்முடைய லயன் பியரில் இல்லாத எது அதில் இருக்கிறது?
– சாவகச்சேரி வாசகர்

சிறிய இடம், சிறிய தாங்கி, காய்ச்சுகிறவன் தன் நாக்குக்குப் பிடித்தபடி காய்ச்சுவது, அவ்வளவுதான். நல்லாகவும் வரும், வாயில் வைக்க முடியாமலும் வரும். ஆனால் லயனை மட்டமாக நினைக்காதீர்கள். லயன் ஸ்டவுட்டை, அந்த 8.8 வீதக் கறுப்பை, வெளிநாட்டில் பியர் பைத்தியம் பிடித்தவர்கள் தேடிக் குடிக்கிறார்கள். நாம் அதைப் பனிக்கட்டி மாதிரிக் குளிரவைத்து ஒரே மூச்சில் விழுங்குகிறோம். பிரிட்ஜில் இருந்து எடுத்துப் பதினைந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு, கிளாசில் ஊற்றிக் குடித்துப் பாருங்கள். கோப்பியும் கருகிய சீனியும் மணக்கும். பௌர்ணமி அன்று கடைக்குப் போய் ஏமாறாமல் முதல் நாளே வாங்கி வையுங்கள்.

மகளைப் பார்க்கப் பாரிஸ் போகிறேன். மருமகன் காரில் பெல்ஜியம் கூட்டிப்போய், துறவிகள் காய்ச்சும் உலகத்திலேயே சிறந்த பியரை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். எல்லையில் பிரச்சினை வருமா? ஊருக்கு எத்தனை போத்தல் கொண்டுவரலாம்?
– நல்லூர் வாசகர்

உங்கள் மருமகன் தங்கமானவர், ஆனால் போய் இறங்கினால் வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். அவர் சொல்வது வெஸ்ட்ஃப்ளேடரன். பிரெஞ்சு எல்லையை ஒட்டி, பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹொப்ஸ் விளையும் பொப்பரிங்கே ஊருக்குப் பக்கத்தில், புனித சிக்ஸ்டஸ் மடம். 1838 அளவில் இருந்தே காய்ச்சுகிறார்கள், மடத்துச் செலவுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். 2005இல் ஒரு இணையத்தளத்தில் பியர் குடிக்கிறவர்கள் இதன் 12ஆம் இலக்கத்தை உலகத்திலேயே முதலாவதாகத் தெரிவு செய்தார்கள், அதோடு மடத்து வாசலில் கார் வரிசை. முன்பு தொலைபேசியில் பதிய வேண்டும், மணிக்கணக்காக எடுத்தாலும் லைன் கிடைக்காது. 2019இல் இருந்து மடத்தின் இணையத்தளத்தில் பதிவு. விற்பனை திறக்கும் நேரம் பார்த்துப் பதிந்து, கார் இலக்கம் கொடுத்து, அவர்கள் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்குப் போய் மரப்பெட்டியோடு எடுத்துவர வேண்டும். ஒரு பெட்டியில் 24 போத்தல். வாங்கியதை விற்கக்கூடாது என்பது அவர்கள் போடும் நிபந்தனை. பாரிஸில் நம்மவர் கடைகள் இருக்கும் லா ஷப்பலில் கடைக்காரர் யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஆகவே, விமான ரிக்கெட் போடுவதற்கு முன்பே மருமகனைப் பதியச் சொல்லுங்கள். கிடைக்கவில்லை என்றாலும் வருத்தப்பட ஒன்றுமில்லை, மடத்துக்கு எதிரிலேயே அவர்களுடைய உணவுச்சாலை இருக்கிறது, திறந்திருக்கும் நாளை மட்டும் விசாரித்துக்கொண்டு போனால் அங்கே உட்கார்ந்து குடிக்கலாம். நீங்கள் குடியுங்கள், மருமகன் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அந்த 12 என்பது 10.2 வீதம், சின்னப் போத்தல்தானே என்று ஒன்றை முடித்தால் சாதாரண பியர் இரண்டு குடித்த கணக்கு. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் சாரதியின் இரத்தத்தில் லீற்றருக்கு அரைக் கிராமுக்கு மேல் போகக்கூடாது.

எல்லையில் உங்களுக்குச் சிக்கல் வராது, ஷெங்கன் விசா இரண்டு நாட்டுக்கும் செல்லும். கூட வருகிறவர்களைத்தான் கவனிக்க வேண்டும். அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகாமல் தற்காலிகக் கடதாசியோடு இருக்கும் பெடியன் யாராவது 'நானும் வாறன் சித்தப்பா' என்று காரில் ஏறினால் இறக்கிவிடுங்கள். அவனுக்கு எல்லை தாண்ட உரிமை இல்லை, அந்த எல்லையில் பிரெஞ்சுப் பொலிஸ் இடைக்கிடை மறித்துப் பார்க்கிறது, ஒரு பியருக்காக அவனுடைய வழக்கைக் கெடுக்க வேண்டாம். போத்தல் கணக்கில் பயமில்லை, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சொந்தப் பாவனைக்கு 110 லீற்றர் பியர் வரை பெரும்பாலும் கேள்வி இல்லை.

ஊருக்குக் கொண்டுவருவதுதான் வேறு கதை. ஒரு போத்தல் கண்ணாடியோடு சேர்த்து அரைக் கிலோவுக்கு மேல். 24ஐயும் தூக்கினால் பெட்டியில் பேரப்பிள்ளைகள் தரும் சொக்லெட்டுக்கு இடம் இருக்காது. 24 வீதத்துக்குக் குறைந்த மதுவை விமானத்தின் கீழ்ப் பெட்டியில் போடத் தடை இல்லை, கையில் கொண்டுபோக முடியாது. சென்னை வழியாக இரண்டு தனித்தனி ரிக்கெட்டில் வந்து, அங்கே பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்ட வேண்டியிருந்தால், இந்தியா தீர்வை இல்லாமல் விடுவது 2 லீற்றர். 33 சென்ரிலீற்றர்ப் போத்தல் ஆறு என்றால் 1.98 லீற்றர், அந்தத் துறவிகள் இந்தியச் சுங்கத்தைக் கேட்டுத்தான் போத்தல் செய்தார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கட்டுநாயக்கவோ பலாலியோ, நம்முடைய சுங்க அளவு அடிக்கடி மாறும், கிளம்பும் கிழமையில் சுங்கத் திணைக்களத்திடம் கேட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு போத்தலையும் சாரத்தில் சுற்றி, அதன்மேல் பொலித்தீன் பையைக் கட்டி, பெட்டியின் நடுவில் வையுங்கள். நான் ஒருமுறை மனைவிக்கு வாங்கிய சேலைகளுக்கு இடையில் செருகி வைத்தேன். ஒன்று உடைந்தது. சேலை துவைத்ததும் சரியாகிவிட்டது, பேச்சு சரியாக ஒரு மாதம் பிடித்தது.

இன்னொரு இரகசியம்: துறவிகளின் பியர் குடிப்பதுதான் ஆசை என்றால் எல்லை தாண்டவே வேண்டாம். சிமே மடத்துப் பியர் பாரிஸ் சுப்பர்மார்க்கெட்டிலேயே இருக்கிறது. ஆனால் பெல்ஜியம் போகாமல் இருக்காதீர்கள். வெஸ்ட்ஃப்ளேடரன் மடத்துக்குக் கிட்டத்தான் ஈப்பர் நகரம், முதலாம் உலகப் போரில் உடல் கிடைக்காத 54 ஆயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்களின் பெயர் வெட்டிய வாசல் அங்கே நிற்கிறது. இந்தியாவில் இருந்து கூட்டிப்போகப்பட்டவர்களின் பெயர்களும் அதில் உண்டு. இரவு எட்டு மணிக்கு எக்காளம் ஊதுவார்கள். மருமகனிடம் சொல்லி எட்டு மணிக்கு அங்கே நில்லுங்கள்.

பனங்கள்ளு இருக்கும் ஊரில் இருந்துகொண்டு பியருக்காகக் கடல் தாண்டுவதா? வெட்கமாக இல்லையா?
– சுழிபுரம், 'வயது எழுபத்தெட்டு' என்று மட்டும் எழுதியவர்

ஐயா, கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே கொக்குவில் தம்பிக்குச் சொன்ன பதில் உங்கள் தவறணையில் கற்றதுதான். காலையில் இறக்கினால் இனிப்பு, மத்தியானம் உறைப்பு, பின்னேரம் புளிப்பு. பிளாவில் ஊற்றிய இடத்திலேயே குடித்தால்தான் அது கள்ளு. சுழிபுரத்துக் கள்ளைக் கானில் ஊற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோன ஒருவருடைய கான் வவுனியா தாண்டியதும் மூடியைக் கழற்றி எறிந்து, பஸ்ஸில் இருந்த முழுச் சனத்துக்கும் மணம் காட்டியது எனக்குத் தெரியும், நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன்.

புதிதாகக் காய்ச்சி வடிகட்டாமல் ஊற்றும் பியரும் கிட்டத்தட்ட அதே சாதி. ஹொப்ஸ் மணம் தூக்கலாக இருக்கும் வகை இன்னும் மோசம், அந்த மணம்தான் முதலில் ஓடிப்போகும். லண்டனில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் அப்படி எட்டு ரின் தந்துவிட்டார். நான் பெருமையோடு சித்திரை வெயிலில் குசினித் தட்டில் அடுக்கி வைத்தேன், விருந்தாளி வரட்டும் என்று ஐந்து கிழமை பொறுத்தேன். வந்தார்கள். நனைந்த அட்டைப்பெட்டியைச் சப்பிய மாதிரி இருந்தது, மரியாதைக்காக எல்லோரும் நல்லா இருக்கு என்றார்கள். பயணம் தாங்குவது கனத்த, கறுத்த, வீதம் கூடிய, போத்தலுக்குள்ளேயே ஈஸ்ட், அதாவது புளிக்கவைக்கும் நுண்ணுயிர், உயிரோடு இருக்கும் வகை. எந்தப் பியர் என்று முதலில் முடிவெடுங்கள், பெட்டி கட்டுவதா வயிற்றில் கட்டுவதா என்பது பிறகு தானாகத் தெரிந்துவிடும்.

மகன் பிரான்சில் இருந்து கொண்டுவந்த சிமே நீலப் போத்தல் ஒன்று பிரிட்ஜில் இரண்டு வருடமாக இருக்கிறது. அடியில் மண்டி படிந்திருக்கிறது. இவர் குடிக்கவும் மாட்டார், எறியவும் விட மாட்டார். கொட்டிவிடவா?
– கோப்பாய் வாசகி

ஐயோ, கொட்டாதீர்கள் அக்கா. அது 9 வீதம், கெட்டுப்போகும் சரக்கு இல்லை. வருடக்கணக்கில் நிறுத்தி வைத்துக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மண்டி ஈஸ்ட்தான், நஞ்சில்லை. போத்தலைப் படுக்கவைத்திருந்தால் நிமிர்த்தி ஒரு நாள் விடுங்கள், பிறகு ஆட்டாமல் மெதுவாகச் சரித்து ஊற்றி அடியில் இரண்டு விரல் அளவை விட்டுவிடுங்கள். அவருக்கு ஒரு கிளாஸ், உங்களுக்கு ஒன்று, ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு நன்றாகப் போகும். இவ்வளவு சொன்ன பிறகும் கொட்டத்தான் போகிறீர்கள் என்றால் ஒரு தபாலட்டை போடுங்கள், கோப்பாய்ப் பக்கம் எனக்கு ஒரு அலுவல் இருக்கிறது.