கம்பஸ் செலவுக்குக் காசு: வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். நான் கூலி வேலை செய்பவள். படிப்புக் கட்டணம் எவ்வளவு வரும்? (விசுவமடு)

அம்மா, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரியாகப் படிக்கும் முதற் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது. கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில், 1945இல் தொடங்கிய இலவசக் கல்வி இன்றைக்கும் உங்கள் பிள்ளைக்கு உரியது. பதிவுக்குச் சிறு தொகை கட்டவேண்டும், அவ்வளவுதான்.

காசு கரைவது அறை வாடகை, சாப்பாடு, பஸ், போட்டோக்கொப்பி என்று. இதற்குத்தான் மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக்கினார்கள். மகாபொல கிடைக்காத, வருமானம் குறைந்த பிள்ளைகளுக்கு உதவுதொகை உண்டு; அதுவும் அப்போது 4,000இலிருந்து 6,500 ஆனது. இரண்டையும் சேர்த்து எடுக்க முடியாது.

கவனிக்க வேண்டியது இதுதான்: பிள்ளை கம்பஸ் போய்ச் சேர்ந்த உடனேயே இந்தக் காசு கைக்கு வராது. பல மாதங்கள் பிந்தும். அந்த இடைவெளியில்தான் நம் தாய்மார் நுண்கடன் கம்பனிகளிடம் போய்ச் சிக்குகிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்திடம், வெளிநாட்டிலுள்ள ஊரவர்களிடம் கேளுங்கள். கேட்கும்போது "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், முதல் ஆறு மாத அறை வாடகையும் சாப்பாடும் என்று கணக்கெழுதிக் கொடுங்கள். அப்படிக் கேட்டால் கொடுப்பவருக்கும் எவ்வளவு, எதற்கு என்று தெளிவாகத் தெரியும்.

அப்பா 2009இல் காணாமல் போனவர். மரணச் சான்றிதழ் எடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. உதவுதொகை கிடைக்காதா? (முள்ளிவாய்க்கால்)

தங்கச்சி, அம்மாவை வற்புறுத்த வேண்டாம். உதவுதொகைக்குக் கேட்கும் வருமானச் சான்றிதழ் காட்டுவது இப்போது வீட்டுக்கு வரும் வருமானத்தை. கிராம சேவையாளரிடம் நிலைமையைச் சொல்லி, அம்மாவின் வருமானத்தை வைத்து எழுதுவித்து, பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்துங்கள். அப்பாவைப் பற்றி யாராவது ஆவணம் கேட்டால், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனவர் என்று பதியும் சான்றிதழுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இடம் தருகிறது. அதையும் எடுப்பதா இல்லையா என்பது அம்மாவின் முடிவு.

யாழ். பல்கலைக்கழகத்தில் பொறியியல் கிடைத்திருக்கிறது. திருநெல்வேலியில் அறைக்கு முற்பணம் கட்டலாமா? (மல்லாவி)

கட்டாதீர்கள்! யாழ். பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம்தான் திருநெல்வேலியில் இருக்கிறது; பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. விடுதி கிடைக்குமா என்று பீடத்தில் விசாரித்த பிறகு அறை தேடுங்கள்.

அரச பல்கலைக்கழகத் தெரிவுக்கு வேண்டிய இசட் புள்ளி (உயர்தரப் பரீட்சைப் புள்ளி) எனக்குக் காணாது. தனியார் பட்டப்படிப்புக்குக் காணியை ஈடு வைக்கச் சொல்கிறார் முகவர். (நெடுங்கேணி)

காணி உறுதியை வெளியே எடுக்காதீர்கள், தம்பி. அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள். அங்கீகரிக்கப்பட்ட சில தனியார் நிறுவனங்களில் படிக்க அரசின் வட்டியில்லா மாணவர் கடன் இருக்கிறது. உயர்தரத்தில் மூன்று பாடச் சித்தியும் ஆங்கிலச் சித்தியும் கேட்பார்கள். வட்டி இல்லாவிட்டாலும் அது கடன்தான். படிப்பு முடிந்த பிறகு திருப்பிக் கட்ட வேண்டும்.

என்னைக் கேட்டால், அதற்கு முன் வவுனியா, மன்னார் உயர் தொழில்நுட்ப நிறுவனங்களின் முழுநேர உயர் தேசிய டிப்ளோமாவைப் பாருங்கள். கைவேலையில் விருப்பமென்றால் அறிவியல் நகரிலுள்ள இலங்கை ஜெர்மன் பயிற்சி நிறுவனத்துக்கும் ஒருமுறை நேரில் போய் விசாரித்துவிட்டு வாருங்கள். முகவர் காத்திருக்கட்டும்.