பக்கத்துப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் இருக்கிறோம். மூத்தவனுக்குப் பதினொரு வயது, சின்னவளுக்கு ஐந்து. கணவர் கத்தாரில். லீவுக்குக் கொழும்புப் பக்கம் இருக்கும் பெரிய நீர்ப்பூங்காவுக்குப் போவோம் என்று மூத்தவன் ஒரே நச்சரிப்பு. அவ்வளவு தூரம் தனியாக என்னால் முடியாது. எங்கள் பக்கம் கடலோரமாக ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. நாலைந்து ராட்டினம், ஒரு நீர்ச்சறுக்கி, காற்றடித்த கோட்டை, அவ்வளவுதான். சிலர் நல்லம் என்கிறார்கள், சிலர் துருப்பிடித்த தகரம் என்கிறார்கள். போன வருஷப் பிறப்புக்கு வேறோர் இடத்தில் சறுக்கப் போய் மூத்தவனின் முதுகு உரசிவிட்டது, அந்தப் பயமும் இருக்கிறது. மாமியும் வருவேன் என்கிறா, ராட்டினத்தில் ஏற வேண்டுமாம். போகலாமா?

பதில்:

போகலாம் தங்கச்சி. டிக்கெட் எடுக்க முன் கால் மணி நேரம் மட்டும் வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். பூங்காவின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். அந்த இயந்திரங்களை நான் நேரில் பார்க்காதபடியால் பெயரை எடுத்துவிட்டேன். வளைகுடாவில் பல வருஷம் இப்படியான ராட்டினங்களைக் கழற்றிப் பூட்டுவதுதான் என் தொழில். ஆகவே விளம்பரத்துக்காகவும் பேசமாட்டேன், வீண் பயமும் காட்டமாட்டேன்.

சின்னப் பூங்கா என்று மூத்தவன் முகம் சுளிப்பான். ஹங்வெல்லவில் லெஷர் வேர்ல்ட், பண்டாரகமவில் பேர்ல் பே என்று அவன் பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பான். ஆனால் உங்கள் வீட்டிலிருந்து அந்தப் பக்கம் போக ஏறக்குறைய 300 கிலோமீற்றர். இரவு முழுக்க வேனில் குலுங்கிப் போய் இறங்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அங்கே என்ன கிடைக்கும்? வேகமான விளையாட்டுகளுக்கு 120 சென்ரிமீற்றர் அளவில் உயரக் கோடு போடுவது உலகம் முழுக்க வழமை. ஐந்து வயதுப் பிள்ளை சராசரியாக 110 சென்ரிமீற்றரை ஒட்டித்தான் இருக்கும். அண்ணன் ஏறுவதைப் பார்த்து அவள் அழ, நீங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டியதுதான். சின்ன இடத்தில் இந்தத் தொல்லை இல்லை. வரிசை நீளாது. எந்த மூலையில் நின்றாலும் இரண்டு பிள்ளைகளையும் கண்ணால் பிடிக்கலாம். தனியாகப் போகும் தாய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பிள்ளை பயந்து கத்தினால், இயக்குகிற பொடியன் நம்முடைய தமிழிலேயே "இறங்கப் போறீங்களா மகள்?" என்று கேட்டு நிறுத்துவான். மாமாங்கத் திருவிழாக் கடைத்தெருவில் சின்ன ராட்டினம் சுற்றி வளர்ந்த நமக்கு, அந்த நெருக்கத்தின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குறை எங்கே என்றால், உப்பில். எழுவான்கரை முழுவதும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அந்தக் காற்றில் இரும்பு எப்படிப் போகும் என்பது உங்கள் வீட்டு யன்னல் கம்பிக்கே தெரியும். பெரிய பூங்கா என்றால் பழுதான பாகத்தைக் கழற்றிப் புதியது போடப் பணம் இருக்கும். சின்ன இடத்தில் அந்தப் பணம் ஒரு தகரம் பெயின்டாக வந்து துருவின் மேல் ஏறிவிடுகிறது. பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்த ராட்டினத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். வெல்டிங் விரிந்திருந்தாலும் அது மூடிவிடும். போல்ட்டுக்குக் கீழே, இரண்டு குழாய் சேரும் இடத்தில், கண்ணீர் வடிந்த மாதிரி ஒரு மண்நிறக் கோடு இறங்கியிருக்கிறதா பாருங்கள். உள்ளே தண்ணீர் நின்று அரிக்கும்போது அந்தக் கோடு வரும்.

உள்ளரிப்பு எவ்வளவு பொல்லாதது என்பதற்கு 2017 யூலையில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலக் கண்காட்சியில் நடந்ததைச் சொல்லலாம். ஃபயர் போல் என்ற ஊசலாடும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வரிசை இருக்கை பிய்ந்து விழுந்தது. ஓர் இளைஞர் இறந்தார், ஏழு பேர் காயப்பட்டார்கள். இயந்திரத்துக்கு 18 வயது. ஓடவிட முன் பரிசோதகர்கள் பார்த்து அனுமதித்தும் இருந்தார்கள். தாங்கும் உத்தரத்தின் உட்பக்கம் கடுமையாக அரித்திருந்ததுதான் காரணம் என்று தயாரித்த நிறுவனம் பின்னர் சொன்னது. அதனால்தான் நம் பக்கத்துச் சின்னப் பூங்காவில் கொலம்பஸ் கப்பல் மாதிரி வேகமாக ஊசலாடுவதையும் தலைகீழாகப் புரட்டுவதையும் நான் தவிர்க்கச் சொல்வேன். மெதுவாகச் சுற்றும் ராட்டினம், குதிரை, பிள்ளைகளின் ரயில் இவற்றில் விசை குறைவு, உயரமும் குறைவு. அதே அளவு அரிப்பு இருந்தாலும் ஆபத்து ஒன்றல்ல.

இரும்பை அவ்வளவுதான் வெளியில் நின்று பார்க்கலாம். ஆளைப் பார்ப்பது இன்னும் சுலபம். இயந்திரத்தை இயக்குகிறவர் ஒவ்வோர் இருக்கையாகப் போய்த் தடுப்புக் கம்பியைக் கையால் இழுத்துப் பார்க்கிறாரா, தூர நின்று "சரியா?" என்று கத்திவிட்டு சுவிட்சைப் போடுகிறாரா? ஓடும்போது அவர் கண் ராட்டினத்திலா, போனிலா? உயரம் அளக்க ஒரு கோல் இருக்கிறதா, இருந்தால் யாரையாவது அளந்து திருப்பி அனுப்புகிறாரா? ஒரு பிள்ளையை ஏற்ற மறுத்ததைக் கண்டீர்களானால் தயங்காமல் உள்ளே போங்கள். ஒருமுறை ஊர்க் கானிவெல் ஒன்றில், இருக்கைக் கம்பியைப் பூட்டும் பின் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பியை முறுக்கி வைத்திருந்ததைக் கண்டேன். கேட்டதற்கு, "பின் விழுந்திட்டு அண்ணே, நாளைக்கு வாங்குவம்" என்றான். மறுகா நான் பிள்ளைகளைக் கச்சான் கடைப் பக்கம் கூட்டிப் போய்விட்டேன்.

இனி, தாய்மார் எல்லோரும் செய்கிற ஒரு பிழை. சின்னவளைத் தனியே விடப் பயந்து நீங்கள் பக்கத்தில் உட்காருவீர்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே தடுப்புக் கம்பி என்றால், கம்பி உங்கள் தொடையில் முட்டி நின்றுவிடும். பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு சாண் வெளி. அவளைப் பிடித்திருப்பது கம்பி அல்ல, உங்கள் கை மட்டும்தான். வேகமாகச் சுற்றும்போது கை தோற்றுவிடும். ஆகவே அவளுக்கென்று தனிப் பட்டி இருப்பதில் ஏற்றுங்கள், அல்லது மெதுவானதில் மட்டும் சேர்ந்து ஏறுங்கள்.

மடியில் வைத்துச் சறுக்குவதும் இதே கதைதான். உலர்ந்த சறுக்கியில் பிள்ளையின் கால் பக்கச் சுவரில் மாட்டினால், தனியாக வரும் பிள்ளை நின்றுவிடும். பெரியவர் மடியில் இருந்தால் இருவரின் பாரமும் அந்தச் சின்னக் காலை முறுக்கிக்கொண்டு கீழே போகும். குழந்தைகளின் முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிவதற்கு இது வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு காரணம்.

மூத்தவனின் முதுகுக்கு வருவோம். நீர்ச்சறுக்கி கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்த பைபர்கிளாஸ். மேலே வழுவழுப்பான ஒரு பூச்சு இருக்கும். வெயிலும் மணலும் அந்தப் பூச்சைத் தின்றுவிட்டால் நார் வெளியே வரும், தோலைக் கிழிக்கும். இன்னொன்று மூட்டு. சறுக்கி துண்டு துண்டாகப் பூட்டப்பட்டது. கீழ்த்துண்டின் விளிம்பு மேல்துண்டைவிடத் துளி உயர்ந்திருந்தாலும் முதுகில் கோடு விழும். மூன்றாவது தண்ணீர். வழுக்க வைப்பது சறுக்கி அல்ல, அதன் மேல் ஓடும் நீர்ப்படலம். கரண்ட் போய் பம்ப் நின்றால், அல்லது டீசல் மிச்சம் பிடிக்க ஒரு பம்பை நிறுத்தி வைத்தால், படலம் மெலியும். வெளியில் நின்று பார்க்கும்போது பிள்ளைகள் நடுவழியில் நின்று கையால் தள்ளிக்கொண்டு வருகிறார்களா? அப்படியானால் தண்ணீர் போதவில்லை, அன்றைக்கு அது வேண்டாம். மூத்தவனுக்கு சிப், உலோகப் பொத்தான் இல்லாத காற்சட்டை போட்டு, கையை நெஞ்சில் கட்டி மல்லாந்து வரச் சொல்லுங்கள். முன்னால் போனவன் தொட்டியைவிட்டு ஏறிய பிறகே அடுத்தவனை விடுகிறார்களா என்பதையும் கவனியுங்கள். மோதல்தான் இங்கே பெரிய காயம்.

தொட்டி நீலமாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது டைல்ஸின் நிறம். அடியில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். மருந்து வாசம் மூக்கைத் துளைத்தால் "நல்லாக் குளோரின் போட்டிருக்கிறாங்கள்" என்பார்கள். உண்மை நேர்மாறு. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்த பிறகுதான் குளோரின் அப்படி நாறும். சரியான தொட்டியில் ஒரு லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின் இருக்கும், வாசம் மெல்லியதாகத்தான் வரும். நம் வெயிலோ, திறந்த தொட்டிக் குளோரினை நிலைநிறுத்தும் மருந்து சேர்க்காவிட்டால் இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதியை அழித்துவிடும். ஆகவே தண்ணீர் விளையாட்டைக் காலையிலேயே, பூங்கா திறந்தவுடனே முடித்துவிடுங்கள். சின்னவளின் தலைமுடியை உருட்டிக் கொண்டை போடுங்கள். மூடி கழன்ற உறிஞ்சு துளையில் நீள முடி மாட்டினால் பிள்ளையால் தலையைத் தூக்க முடியாது. முழங்கால் தண்ணீர்தானே என்று போனை எடுத்துக் கணவருக்கு வீடியோ காட்டப் போகாதீர்கள். தண்ணீரில் மூழ்கும் பிள்ளை கத்தாது, ஒரு நிமிடத்துக்குள் சத்தமில்லாமல் போய்விடும். அவள் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுக்க உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். காற்றடித்த கைப்பட்டியை நம்ப வேண்டாம்.

காற்றுக் கோட்டையைப் பற்றி ஒருவரும் பயப்படுவதில்லை. எனக்கு அதுதான் பயம். 2021 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் டெவன்போர்ட் நகரில், ஒரு பள்ளிக்கூட விழாவில் திடீர்க் காற்று கோட்டையைத் தூக்கியெறிந்து ஆறு பிள்ளைகள் இறந்தார்கள். மணிக்கு 38 கிலோமீற்றருக்கு மேல் காற்று அடித்தால் கோட்டையை இறக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. சின்ன மரங்கள் முழுசாக ஆடத் தொடங்கும் காற்று அது. யூன், யூலை, ஆகஸ்ட் மாதங்களில் நம் பக்கம் கச்சான் காற்று எப்படி வீசும் என்று உங்களுக்குத் தெரியும். மலைநாட்டில் ஈரத்தை இறக்கிவிட்டு அனலாக வந்து, ஓய்ந்த மாதிரி இருந்து, ஒரே அடியாக அடிக்கும். அதே விதி குறைந்தது ஆறு இடத்தில் கட்டச் சொல்கிறது. ஆறு கயிறு இருந்தாலும் கடற்கரை மணலில் அடித்த முளை பல்லுப் பிடுங்கிய மாதிரி வந்துவிடும். பாரமான எதனோடும் கட்டாமல் மணலில் முளை மட்டும் அடித்திருந்தால் சின்னவள் எவ்வளவு அழுதாலும் ஏற்ற வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. சால், முந்தானை, தொங்கும் ஹிஜாப் நுனி எல்லாவற்றையும் உள்ளே செருகிப் பின் குத்திவிட்டு ஏறுங்கள். சுற்றும் அச்சும் சின்னக் காரின் சில்லும் துணியை இழுத்தால் விடாது. ஈர நிலத்தில் மின் வயர் ஒட்டுப் போட்டுக் கிடந்தால், கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டவுடன் கோபப்பட்டால் அதுவே பதில். மாரி முடிந்து பூட்டிக் கிடந்த ராட்டினம் சித்திரை வருஷத்துக்கு அவசரமாகத் திறக்கப்படும். அந்த முதல் மூன்று நாள் கூட்டத்தில் போகாமல் ஒரு கிழமை பொறுத்துப் போங்கள். அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் எண் பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

இரண்டு மணி நேரத்தில் மூத்தவனுக்கு அலுத்துவிடும். இது சின்னப் பூங்காவின் உண்மையான குறை, மறைக்கத் தேவையில்லை. அலுத்த பொடியன்கள்தான் சறுக்கியில் கீழிருந்து மேலே ஏறுவதும் வேலியைத் தாண்டுவதும். அவன் முகம் மாறியதும் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

மாமி தாராளமாக ராட்டினத்தில் ஏறலாம். பிரசர், முழங்கால் நோ இருந்தால் முன்கூட்டியே சொல்லி, பெட்டி முழுதாக நின்ற பிறகே ஏற்றச் சொல்லுங்கள். மெல்ல நகரும்போது ஏறுவதில்தான் வயதானவர்கள் விழுவார்கள். சின்ன ராட்டினத்தில் பாரம் சரிவர எதிரெதிர்ப் பெட்டிகளில் ஆள் ஏற்றுவார்கள். அதனால் முதலில் ஏறியவர் உச்சியில் ஐந்து நிமிடம் சும்மா நிற்க நேரும், பழுது என்று பயப்பட வேண்டாம் என்று அவவிடம் சொல்லி வையுங்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு ஏற்றுங்கள். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் அங்கிருந்து ஒன்றாகத் தெரிந்தால், அவ இறங்க மாட்டேன் என்று நின்றாலும் நிற்பா.