அடைப்புக்குறி நீக்கும்போது குறி தவறுவது ஏன்?

எட்டாம் வகுப்புப் பிள்ளை சமன்பாடுகளில் திரும்பத் திரும்பக் குறியைத் தவறவிடுவதாகவும், எப்படிப் பயிற்சி தருவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தெரியாத எண்ணை 'அ' என்று வைத்துக்கொள்வோம். 5 − 2(அ − 3) = 1. பலர் இதை 5 − 2அ − 6 = 1 என்று விரித்து, அ = −1 என்று முடிப்பார்கள். −2 ஆல் பெருக்க வேண்டியது அ-வை மட்டுமல்ல, −3-ஐயும்தான். (−2) × (−3) = +6. ஆகவே 11 − 2அ = 1, 2அ = 10, அ = 5. உள்ளிருக்கும் ஒவ்வோர் உறுப்புக்கும் வெளியிலிருந்து ஓர் அம்புக்குறி போடச் சொல்லுங்கள். பாதிப் பிழை அங்கேயே நின்றுவிடும்.

அடுத்தது, 'பக்கம் மாறினால் குறி மாறும்' என்ற மனப்பாடம். அதை நம்பி −2அ = −10 என்பதை அ = −10 + 2 என்று எழுதுகிறார்கள். இருபுறமும் −2 ஆல் வகுக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும்.

தினமும் ஆறு கணக்கு போதும். விடையைச் சமன்பாட்டில் இட்டுப் பார்ப்பது கட்டாயம்: அ = −1 என்றால் 5 − 2(−4) = 13, 1 அல்ல. பிழை எந்த வரியில் நுழைந்தது என்பதைப் பிள்ளையே தேடி வட்டமிட வேண்டும், நீங்கள் காட்டித் தரக்கூடாது.