கடந்த காலத்தில் தவறு செய்த திருச்சபை இன்று ஒழுக்கம் போதித்தால் அதை நம்பலாமா?

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன், இன்றும் ஞாயிறு பூசைக்குப் போகிறவன். தவறு பழையது, அதைச் சரிசெய்துவிட்டார்கள் என்றால் நம்பலாம். சரிசெய்யாமல் மற்ற விஷயங்களில் மட்டும் கறார் காட்டினால் எனக்கு நம்பிக்கை வராது.

வேறு நாட்டுக்குப் போக வேண்டாம், திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தையே பாருங்கள். இன்று புனிதராக வணங்கப்படும் தேவசகாயம் 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது. சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகியவர் என்றுதான் சபை அவரைப் பற்றிச் சொல்கிறது. அதே ஊரில் 1872-ல் எழுந்த கோயிலில் பீடம் ஒன்றுதான், ஆனால் அதிலிருந்து கால்சட்டை மாதிரி இரண்டு மண்டபங்கள் பிரிந்து போகும், நடுவில் சுவர், ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் நாடார். சாமியார்கள் சம்மதித்துக் கட்டியதுதான் இது. 1910-ல் கௌசானல் சாமியார் அந்தச் சுவரை இடித்தார். வெள்ளாளர் தரப்பு வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அந்தச் சாமியார் சமத்துவத்தைப் பற்றிப் பிரசங்கம் வைத்திருந்தால் நான் உட்கார்ந்து கேட்டிருப்பேன்.

கத்தோலிக்கரிடம் மட்டும் இருக்கிற நோய் இல்லை இது. ஆங்கிலிகன் பிஷப் டேனியல் வில்சன் 1833-லேயே சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டார், தஞ்சாவூர்ப் பக்கம் பெரிய எதிர்ப்பு கிளம்பியது.

சரி, இதெல்லாம் அந்தக் காலம் என்பீர்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளைத் தனியாகப் பிரித்த சுவரை எதிர்த்து நம் காலத்தில்தான் போராட்டம் நடந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கம் எறையூரில் தலித் கத்தோலிக்கர், பாகுபாடு தாங்காமல் தனிப் பங்கு, அதாவது தங்களுக்கென்று தனிக் கோயிலும் சாமியாரும், கேட்டார்கள். அது கலவரமாகி 2008 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். 2016-ல் இந்திய ஆயர் பேரவையே சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று எழுத்தில் ஒத்துக்கொண்டது. 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையால் கிறிஸ்தவ தலித்துகளுக்கு மறுக்கப்பட்ட பட்டியல் சாதி உரிமையைக் கேட்கும்போதும், மதம் மாறியும் சாதி போகவில்லை என்றுதான் சபை வாதாடுகிறது. அந்தக் கோரிக்கை நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் வெளியே அரசிடம் அப்படிச் சொல்கிறவர்கள், சாதி பார்க்கும் பங்கு மக்களிடம் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அதையே ஏன் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை?

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. விவாகரத்து வாங்கி மறுமணம் செய்த ஒரு பெண்ணுக்கு, பூசையில் தரும் நற்கருணை அப்பம் இல்லை என்று சொல்லச் சபைக்குத் தயக்கமே வருவதில்லை. தலித் பிணம் இந்தத் தெரு வழியாக வரக்கூடாது என்று வழிமறிக்கிற ஆள் அடுத்த ஞாயிறு நாக்கை நீட்டி நற்கருணை வாங்கிக்கொண்டு போகிறார். எது பாவம் என்று சபை உண்மையில் நினைக்கிறதோ, அது இங்கே தெரிந்துவிடுகிறது, மறைக்கல்விப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும்.

தேவசகாயத்தின் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை'யை எடுக்கச் சொல்லி மனு போட்டார்கள், வத்திக்கான் எடுத்தது, 2022-ல் தேவசகாயம் என்ற பெயரிலேயே புனிதரானார். கேட்டவர்கள் இருந்ததால்தான் அது நடந்தது. அதனால் போதனையை நம்பலாமா என்று என்னைக் கேட்பதைவிட, உங்கள் பங்குச்சாமியாரிடம் போய் தேர் எந்தெந்தத் தெருவுக்குள் போகிறது, கல்லறையில் எல்லாருக்கும் ஒரே இடமா, பங்குப் பேரவையில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.